பதினேழு ஒன்றுகள்

என் தங்கச்சியின் மகள் இறந்து, காரியம் முடிந்த மறுநாள் மச்சான், தங்கச்சியின் புருஷன், வீட்டுக்கு வெள்ளையடிக்க வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார். மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் அது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி அறை, கடைசிக் காம்பரா, அவர்களுடையது. மச்சான் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை செய்தார். மறுநாளே திரும்ப வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தார். துக்கத்துக்கு அதுவும் ஒரு வழி.

அடுப்புக்குப் பக்கத்துச் சுவர் புகை பிடித்துக் கறுத்திருந்தது. அதில் பிள்ளை வெண்கட்டியால் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வரிசையாக எழுதியிருந்தாள். அவளுக்கு ஐந்தரை வயது. தை பிறந்ததும் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். இரண்டின் வளைவு வரவில்லை என்று கோபித்துக்கொண்டு, தெரிந்த ஒன்றையே கை எட்டும் தூரம் வரை எழுதிவிட்டாள். வெண்கட்டித் துண்டுகளை என் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தவன் நான். ஹட்டனில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன்.

மச்சான் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு அந்தச் சுவருக்கு வந்ததும் தங்கச்சி எழுந்து போய் அதன் முன்னால் நின்றாள். அழவில்லை. எழுத்து அழிந்துவிடக் கூடாதென்று முதுகு படாமல் ஒரு சாண் தள்ளி நின்றாள்.

"மத்த செவத்துக்கெல்லாம் அடிங்க. இது வேணாம்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கண்ணால் சொன்னேன். அவர் பிரஷ்ஷைத் திரும்ப வாளியில் போட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஹட்டனிலிருந்து பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போனேன். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. அவள் என்னைவிட எட்டு வயது இளையவள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு நல்ல புள்ளி எடுத்தவள். மேலே படிக்கவைக்க நானும் நினைத்தேன், அவளும் நினைத்தாள், கல்யாணம் முந்திக்கொண்டது. தினமும் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மாலை வரைக்கும் கொழுந்து பறித்தாள். வேலைக்குப் போவதை ஒரு நாளும் நிறுத்தவில்லை. அதனால் அவள் தேறிவிட்டாள் என்று லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். பிளேன்டீயை என் கையில் கொடுத்துவிட்டு, வெகு சாதாரணமாகச் சொன்னாள்.

"அண்ணே, நேத்து பதினெட்டு இருந்துச்சு."

"என்னது?"

"ஒண்ணு. செவத்துல. பாப்பா எழுதுனது பதினேழு. நேத்து மலைல இருந்து வந்து பாக்குறேன், பதினெட்டு இருக்கு. காலைல எண்ணுனா பதினேழு."

நான் எழுந்து போய் எண்ணினேன். பதினேழு. விரல் வைத்து இன்னொரு தடவை எண்ணினேன். விரல் வைக்கும்போது என் முதுகில் குளிர் ஏறியதை மறைக்கத் தேவையில்லை. இப்போது எழுதும்போதும் ஏறுகிறது. பகல் மூன்று மணி. வெளியே மூடுபனி இறங்கி எதிர் மலை தெரியவில்லை.

"சத்தமும் கேக்குதுண்ணே. சோக்கு தேய்க்கிற சத்தம். நான் கொழுந்துக் கூடைய எறக்கி வைப்பேன், கேக்கும். உள்ள போனா நின்னுரும்."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமா, கோயிலில் கயிறு கட்டலாமா என்றெல்லாம் நினைத்தேன். வாயில் வந்தது வாத்தியார் பேச்சு.

"எண்ணுறப்ப கண்ணு தவறும். எல்லா ஒண்ணையும் சேத்து ஒரே எண்ணா எழுதி வகுத்துப் பாரு. பதினெட்டு ஒண்ணு இருந்தா அந்த எண்ண மூணால வகுக்கலாம், மீதி வராது. பதினேழு இருந்தா ரெண்டு மீதி வரும். மீதி பொய் சொல்லாது."

அவள் பென்சில் தேடினாள். பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த கொப்பி ஒன்று, பெயர்கூட எழுதாமல் தகரப்பெட்டியில் இருந்தது. அதன் முதல் பக்கத்தில் பதினேழு ஒன்றுகளை எழுதி மூன்றால் வகுத்தாள். மீதி இரண்டு. அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் அவள் முதல் தடவை சரியாக மூச்சுவிட்டதுபோல இருந்தது.

அடுத்த ஞாயிறு போனபோது ஏழாலும் பதின்மூன்றாலும் பத்தொன்பதாலும் வகுத்து வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் மீதி வந்திருந்தது. கொப்பியைப் பார்க்காமலே அந்த எண்ணை எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"நூத்திப் பதினோரு கோடியே பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூத்திப் பதினோரு கோடியே, பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூத்திப் பதினொண்ணு."

பிறகு கேட்டாள்: "இத எதாலயாச்சும் வகுக்க முடியுமாண்ணே? இல்ல, இது தனி எண்ணா?"

எனக்குத் தெரியவில்லை. அன்று உண்மையிலேயே தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சிவனொளிபாதமலைக் காலம் அது. நல்லதண்ணியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் யாத்திரைக்காரர் கூட்டம். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போனில் தேடினேன். ஒரே நொடியில் வந்தது. பதினேழு ஒன்றுகள் கொண்ட எண் முதன்மை எண் அல்ல. இரண்டு முதன்மை எண்களைப் பெருக்கி வந்த சேர்த்தி எண். சின்னது ஏழு இலக்கம்: 2071723. பெரியது பத்து இலக்கம்: 5363222357. திரையை அணைத்துவிட்டேன். ஒரு பெட்டியைத் தெரியாமல் திறந்துவிட்டவன்போல நின்றிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். விடையைச் சொன்னால் அவள் கொப்பியை மூடிவிடுவாள். மூடினால் மறுபடி சுவர்தான், சத்தம்தான். ஏழு இலக்கத்து எண்ணைப் பென்சிலால் தேடிக் கண்டுபிடிக்க வருடக்கணக்கு ஆகும். வருடங்கள்தானே அவளுக்கு வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"வகுக்கலாம்" என்றேன் அடுத்த ஞாயிறு. "தனி எண் இல்ல. சேர்த்தி எண்தான், அது நிச்சயம். ஆனா எது வகுக்கும்னு தெரியல."

"எதுன்னு தெரியாம, வகுக்கும்னு எப்பிடித் தெரியும்?"

நல்ல கேள்வி. ஓர் எண்ணின் காரணியைக் காணாமலே அது சேர்த்தி எண்தான் என்று உறுதிப்படுத்தும் சோதனைகள் உண்டு. அதை எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் கவனமாகக் கேட்டாள்.

"வீட்டுக்குள்ள ஆள் இருக்குன்னு தெரியும். யாருன்னு மட்டும் தெரியாது. அப்பிடித்தானே?"

"அப்பிடித்தான்."

"ஒருத்தருக்கும் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

அவளுக்கு வழி சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு விதியையும் சொல்லிக்கொடுத்தேன். பதினேழு ஒன்றுகளை மீதியில்லாமல் வகுக்கக்கூடிய எந்த முதன்மை எண்ணும், முப்பத்துநான்கின் மடங்கைவிட ஒன்று கூடியதாகத்தான் இருக்கும். எனவே எல்லா எண்ணையும் சோதிக்க வேண்டாம். 103, 137, 239, 307 என்று முப்பத்துநான்கு முப்பத்துநான்காகத் தாவி, சின்ன எண்களால் உடைகிறவற்றை விட்டுவிட்டுப் போனால் போதும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்; திரும்பாமலே சொன்னாள்: "பிள்ளைய பறிகொடுத்தவ கையில ஒரு பொய்யக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

அப்படியே நான்கு வருடம் போனது.

மாலை நாலரைக்கு மலையிலிருந்து இறங்குவாள். குளித்து, விளக்கேற்றி, வாசல் பக்கம் வெளிச்சம் இருக்கும் வரை வகுப்பாள். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு எண். மழைக்காலத்தில் அதற்கும் குறைவு. போனில் கணக்கு இருக்கிறதே என்று மச்சான் ஒருமுறை நீட்டினார். "அதுல மீதி வராது" என்று சொல்லிவிட்டாள். ஒவ்வொரு கணக்கையும் முழுதாகப் போட்டு, மீதியைக் கட்டம் கட்டி வைப்பாள். 103க்கு மீதி ஐம்பத்தேழு. 137க்கு மீதி ஒன்று. அந்த 137 பக்கத்தை அவள் எனக்குக் காட்டிய நாள் நினைவிருக்கிறது. "ஒண்ணே ஒண்ணுதாண்ணே மிச்சம். கிட்ட வந்துட்டுப் போயிருச்சு" என்றாள். கிட்ட வருவதும் தூரப்போவதும் வகுத்தலில் கிடையாது என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

லயத்தில் பேச்சு கிளம்பியது. அவள் மந்திரம் எழுதுகிறாள், பிள்ளையைக் கூப்பிட எண்ணால் கட்டுப் போடுகிறாள் என்றார்கள். பக்கத்துக் காம்பராக்காரி தன் கைக்குழந்தையை அந்தப் பக்கம் விடுவதில்லை. மச்சான் பயந்தார். மாதத்துக்கு ஒருமுறை வந்தவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தார். ஒருநாள் மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டில் என்னைத் தனியே இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னார்: "மச்சான், அவ வகுத்துக்கிட்டு இருக்கப்ப நான் குறுக்க பேசுனா, 'சத்தம் போடாதீங்க, பாப்பா எழுதுறா'ங்கிறா."

எனக்கும் ஒருநாள் கேட்டது. அவள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் மட்டும் உள்ளே இருந்தேன். சுவர்ப்பக்கம் ஒரு சத்தம், கீச்சென்று சின்னதாக, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. சற்று இடைவெளி. மறுபடி. கூரைத் தகரத்தில் கிளை உரசியிருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்து நின்றுகொண்டேன், அவள் குடத்தோடு வரும் வரை. அவளிடம் அதைச் சொல்லவும் இல்லை.

மூன்றாம் வருடத்தில் எனக்கு வேறொரு பயம் பிடித்தது. அவள் எந்த எண்ணில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும்; எந்த எண்ணில் முடியும் என்றும் தெரியும். ஏழு இலக்கத்துக்குள் வந்துவிட்டாள். பன்னிரண்டு லட்சம். பதினைந்து லட்சம். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே மிச்சம் எத்தனை மாதம் என்று மனம் கணக்குப் போடும். மீதி பூச்சியம் வரும் நாளில் அவள் என்ன செய்வாள்? அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன இருக்கும்? அவள் வழியில் ஒரு கணக்கைத் தவறவிட்டுத் தாண்டிப்போய்விட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதும் உண்டு. கணித ஆசிரியன் வேண்டும் வேண்டுதலா அது.

ஒரு ஞாயிறு சொல்லிவிடுவது என்ற முடிவோடு போனேன். நான் தொடங்குவதற்கு முன்பே அவள் கேட்டாள்.

"யாருக்காச்சும் இது தெரிஞ்சிருக்குமாண்ணே, ஒலகத்துல?"

"இருக்கலாம்."

"தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்ல வேணாம்னு சொல்லுங்க."

நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இருபது லட்சம் தாண்டியது. பிறகு பரீட்சை வேலையால் இரண்டு வாரம் போகமுடியவில்லை. மூன்றாவது ஞாயிறு போனதும் அவள் அடுப்பு மூட்டப் போன நேரம் பார்த்துக் கொப்பியைத் திறந்தேன். எண்ணைத் தாண்டியிருந்தாள். தவறவிட்டுவிட்டாள் என்று நினைத்துப் பக்கங்களைப் பின்னால் புரட்டினேன்.

2071723. இருந்தது. அவளுடைய சாய்வில்லாத எழுத்தில் கணக்கு ஒழுங்காக இறங்கி வந்திருந்தது. ஈவு 5363222357. கடைசி வரியில் பூச்சியம். அதைச் சுற்றி எப்போதும்போலக் கட்டம். பக்கத்தில் ஒரு குறி இல்லை, ஒரு கோடு இல்லை. பக்கத்தைத் திருப்பினால் அடுத்த எண், 2071757, மீதி 275731. அதற்குக் கட்டம். அதற்கடுத்து அடுத்தது. இரண்டு வாரத்துக் கணக்குகள் தொடர்ந்து இருந்தன.

கொப்பியை மூடி, இருந்த இடத்தில் வைத்தேன். அவள் கோப்பையை நீட்டினாள். இருவரும் குடித்தோம். அதற்குப் பிறகும் நான்கு மாதம் அவள் வகுத்தாள், நான் போய் வந்தேன். எண்ணைவிட அந்த நான்கு மாதம்தான் எனக்குப் பேய் பிடித்த காலம். முடிந்த ஒன்றை முடியாததுபோல இருவரும் சேர்ந்து காத்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. லயத்துக்குப் பின்னால் மண் வெடித்து, கடைசிக் காம்பரா தரையில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு ஓடியது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார்கள். நான் தமிழில் எல்லோருக்கும் சொன்னேன். மச்சான் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தார். நானும் அவளும் சாமான்களை மூட்டை கட்டினோம். பாத்திரம், துணி, சாமிப் படம், ஒரு சாக்கு நிறையக் கொப்பிகள். சுவரை என்ன செய்வாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். அவள் அதன் பக்கம் பார்க்கவே இல்லை.

மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டே அவள்தான் தொடங்கினாள்.

"கெடச்சிருச்சுண்ணே. ஆனியிலேயே கெடச்சிருச்சு."

"பாத்தேன்."

"தெரியும். ஒங்களுக்கு மொதல்லேருந்தே தெரியும்னும் தெரியும்."

"எப்பிடி?"

"வந்ததும் எம் மொகத்தப் பாக்க மாட்டீங்க. கொப்பியத் தொறந்து எங்க நிக்கிறேன்னுதான் பாப்பீங்க. இருவது லட்சம் தாண்டுனதுலேருந்து தேத்தண்ணி ஆறுறதுகூடத் தெரியாம பக்கத்தப் பொரட்டுனீங்க. கிட்டத்துல இருக்குன்னு அப்பவே புரிஞ்சுக்கிட்டேன்."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் கேட்டேன்: "கெடச்ச பொறகும் ஏன் போட்டுக்கிட்டே இருந்த?"

"பூச்சியம் வந்ததும் சத்தம் நின்னுருச்சு. வீடு அப்பிடியே வெறுமையாயிருச்சு. ஒண்ணும் மிச்சமில்ல. என்னால தாங்க முடியல. அடுத்த எண்ணப் போட்டேன். மிச்சம் வந்துச்சு."

கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், நேராக.

"இது தெரிஞ்சே தெரியாதுன்னு சொன்னீங்க. அப்ப ஆஸ்பத்திரில டாக்டர் ஒங்ககிட்ட என்ன சொன்னாரு?"

இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. பிள்ளைக்கு மூளையில் காய்ச்சல். மூன்றாம் நாள் காலை டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசினார். தங்கச்சிக்கு அவ்வளவு சிங்களம் வராது. பிள்ளை பிழைக்காது, அநேகமாக இன்று பகல் தாண்டாது, தாயைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள் என்றார். நான் வெளியே வந்தேன். தங்கச்சி பெஞ்சிலிருந்து எழுந்து, "என்னண்ணே சொன்னாரு?" என்று கேட்டாள். அவள் கண்ணைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. "ஒண்ணும் தெரியலயாம். மருந்து குடுத்திருக்காங்க, பாப்போம். நீ போய் ஏதாச்சும் சாப்பிட்டு, கோயில்ல ஒரு விளக்குப் போட்டுட்டு வா" என்று அனுப்பினேன். அவள் நம்பிப் போனாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையின் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூட்டைகளுக்கு நடுவில் நின்று அதையெல்லாம் சொன்னேன். ஒரு வார்த்தையையும் குறைக்கவில்லை. டாக்டர் சொன்ன சிங்களச் சொற்களையும் அப்படியே சொல்லி, அதற்குத் தமிழும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து கேட்டாள்.

"பாப்பா என்னக் கேட்டாளா?"

"நெனவு இல்ல அவளுக்கு."

"இது உண்மையா?"

"உண்மை."

அவள் என்னை நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அது உண்மைதான், ஆனால் அதை நம்பவைக்கும் தகுதியை நானே கெடுத்துக்கொண்டேன். மச்சான் வந்தார். மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றினோம்.

அந்த லயம் சரியவில்லை. ஆளில்லாமல் கிடக்கிறது, கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தங்கச்சிக்கும் மச்சானுக்கும் ஒரு வருடத்துக்குப் பிறகு ரோட்டுக்குக் கீழே தனி வீடு கிடைத்தது. மச்சான் கொழும்பு வேலையை விட்டுவிட்டு மஸ்கெலியா டவுனில் ஒரு ரொட்டிக் கடையில் நிற்கிறார். அவள் வகுப்பதை விட்டுவிட்டாள். அங்கே சத்தம் கேட்கிறதா என்று நான் கேட்டதில்லை. வீட்டின் பின்னால் லீக்ஸ் போட்டிருக்கிறாள், நன்றாக வந்திருக்கிறது.

மாதம் ஒருமுறை போகிறேன். கதவைத் திறக்கிறாள். நாற்காலியைத் துடைத்துப் போடுகிறாள். என் மனைவியின் முழங்கால் வலியை விசாரிக்கிறாள். தேத்தண்ணியில் சீனி எவ்வளவு என்று மறக்கவில்லை. எதிலும் குறை வைப்பதில்லை. அண்ணே என்று மட்டும் இப்போது கூப்பிடுவதில்லை. தோட்டத்தில் மற்றவர்கள் கூப்பிடுவதுபோல அவளும் கூப்பிடுகிறாள்.

"வாங்க மாஸ்டர்" என்கிறாள். "உக்காருங்க."